அவன் கூடையில் இரண்டு பிடி

உள்ளறையில் போன் மறுபடியும் ‘டிங்’ என்றது.

அடுப்படியில் சாவிக் கீரை நறுக்கிக்கொண்டிருந்த உமாதேவியின் கை நின்றது. முன்பெல்லாம் மகள் வீட்டுக்கு வரும்போது அது அவளுக்குப் பிடித்த சத்தம். மகளின் படிப்பு விஷயமாக யாரோ எதையோ அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது அதைக் கேட்டாலே போனை அணைத்துவிடத் தோன்றியது.

“தனு, அந்தச் சத்தத்த அடைச்சு வையேன்மா.”

“சத்தத்த அடைக்கலாம். எழுதறவங்க கைய எப்படி அடைக்கறது?” உள்ளேயிருந்து தனுஜாவின் குரல் வறண்டு வந்தது.

“இப்ப யாரு? என்ன போட்டிருக்காங்க?”

“யாரோ தெரியாத ஆளு. செத்த மனுசன வச்சு லைக் வாங்கினவளாம்னு போட்டிருக்கான். அதுக்கு நாப்பது லைக்.”

உமாதேவி கத்தியைக் கீழே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. வெளியே பனி இறங்கி எதிர்மலையின் தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. மேசைமேல் பல்கலைக்கழகத்துக் கடிதம் கிடந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் உப்பு ஜாடியை வைத்திருந்தாள். உன்னை ஏன் தண்டிக்கக் கூடாது என்று காரணம் கேட்டு வந்த கடிதம். பதில் நாளைக் காலை பத்து மணிக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தனுஜா திரும்பவும் படிக்கப் போவாளா, இந்த மலையிலேயே நின்றுவிடுவாளா என்பது தெரியும்.

உமாதேவிக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது இதே எஸ்டேட்டில், இதே லைன் வீட்டு வரிசையில், நாலு கதவு தள்ளி. தானா ராத்தா டவுன் பள்ளியில் படிவம் மூன்று வரைக்கும் படித்தாள். பதினாறு வயதில் கொழுந்துக் கூடை முதுகில் ஏறியது. கல்யாணம் கட்டிய வீரப்பன், திரிங்காப் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக் கீழே கொண்டுபோகும் லோரி டிரைவர். தனுஜாவுக்கு ஆறு வயதிருக்கும்போது, ஒரு மழைநாளில் மலையிறங்கிய லோரி திரும்பி வரவில்லை. மகள் அப்பாவின் முகத்தைப் போட்டோவைப் பார்த்துத்தான் மனதில் பதித்துக்கொண்டாள்.

கூடை போய்க் கத்தரி வந்தது. கத்தரி போய் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கும் மெஷின் வந்தது. மெஷின் போக முடியாத சரிவில் இன்னும் கத்தரிதான். அந்தச் சரிவுதான் உமாதேவிக்கு. வலது தோள் ராத்திரியில் திரும்பிப் படுக்க விடாது. அந்த வலியை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. லைன் வீடு வேலைக்காக எஸ்டேட் கொடுத்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு. மகள் படித்து, எங்காவது ஒரு டவுனில் ஒரு கதவைத் தன் பெயரில் திறக்க வேண்டும். இந்த ஒரு நினைப்பில்தான் அவள் தினமும் காலை இருட்டில் எழுந்து பூட்ஸ் மாட்டினாள்.

பக்கத்துக் கதவு இராசம்மாவினுடையது. உமாதேவியைவிட ஒன்பது வயது மூத்தவள். கூடப் பிறக்கவில்லையே தவிர அக்காதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் கடுகு வெடித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். பகலில் இரண்டு கதவும் திறந்தேதான் கிடக்கும்.

தனுஜா பிறந்த வருசம் நடந்ததை உமாதேவி மறந்ததில்லை. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் வந்தது. வீட்டில் உட்கார வழியில்லை. மலையேறினாள், ஆனால் கை ஓடவில்லை. நிறுக்கிற நேரம் வந்தபோது கூடையில் பாதிகூட இல்லை. குறைந்தால் அன்றைய கூலிப் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது பின்னாலிருந்து வந்த இராசம்மா, நடந்துகொண்டே, தன் கூடையிலிருந்து இரண்டு பிடி கொழுந்தை அள்ளி இவள் கூடையில் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் இரண்டு பிடி. அதற்குப் பின்னால் வந்தவள் இரண்டு பிடி. ஒருத்தியும் நிற்கவில்லை, பேசவில்லை. நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி தலை நிமிர்ந்து பார்த்தபோது கூடை நிறைந்திருந்தது. ஒன்றரை மாதம் அப்படி நடந்தது.

அந்த லைன் பெண்களுக்குள் எழுதாத வழக்கம் அது. நன்றி சொல்லக் கூடாது. கேட்கவும் கூடாது. முக்கியமாக, ஆபீசுக்குத் தெரியக் கூடாது. ஒருத்திக்கு முடியவில்லை என்று கிராணியிடம் போய்ச் சொல்வது அவளைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். முடியாதவளுக்காக மற்றவர்கள் சத்தமில்லாமல் அள்ளிப் போடுவார்கள். அவ்வளவுதான்.

இந்த வழக்கம்தான் இருபத்தோரு வருசம் கழித்து அவள் மகளைக் கொண்டுபோய்க் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

இராசம்மாவின் மகன் ரூபன், தனுஜாவைவிட இரண்டு மாதம் மூத்தவன். ஒரே பள்ளி. ஒரே பல்கலைக்கழகம். ஒரே துறை. இரண்டு பேரையும் சின்ன வயதில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பள்ளி பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது ரூபனின் அப்பா கந்தசாமிதான். முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தி. மழை வந்தால் தன் பிளாஸ்டிக் கோட்டைக் கழற்றித் தனுஜா தலையில் போட்டுவிட்டு மகனை நனையவிடுவார். “நீ ஆம்பளப் புள்ள லா, கரைஞ்சா போயிருவே?” என்பார். அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்த மோட்டாரின் பின் ஸீட்டில்தான் அப்பா கிடைத்தார்.

கந்தசாமிக்குத் தேயிலைச் செடிகளில் மருந்தடிக்கிற வேலை. மாசி மாதம் ஒருநாள், சரிவின் உச்சியில் தனியாக மருந்தடிக்கப் போனவர் காலைத் தேத்தண்ணி நேரத்துக்கும் திரும்பி வரவில்லை. தேடிப்போனவர்கள் பதினொரு மணிக்குத் தேயிலை வரிசைக்கு நடுவே கண்டெடுத்தார்கள். மருந்துத் தொட்டி முதுகிலேயே இருந்தது. நெஞ்சுவலி என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ரூபன் இந்த வீட்டுக்கு வந்தான். அந்த லைனில் சிக்னல் கிடைப்பது இரண்டே இடத்தில். கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, உமாதேவி வீட்டு உள்ளறை ஜன்னல். இரண்டு பிள்ளைகளும் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் படிவம் ஆறுவரை படித்தார்கள். அன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்தான். காரியத்துக்கு வந்திருந்த தனுஜா மறுநாள் திரும்பிப் போக வேண்டும்.

அடுப்படியில் இருந்த உமாதேவிக்கு எல்லாம் கேட்டது.

“அப்பா மூணு தடவ கூப்பிட்டாரு தனு. ஒம்போதே காலுக்கு ஒண்ணு. ஒம்போதரைக்கு ஒண்ணு. பத்துக்கு ஒண்ணு. நான் ஹோஸ்டல்ல கேம் வெளாடிட்டு இருந்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு கட் பண்ணி விட்டேன்.” அவன் மூக்கை உறிஞ்சியது கேட்டது. “அம்மாவுக்குத் தெரியாது. அப்பா போன் பூட்டிக் கெடக்கு, நம்பர் யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லிடாத.”

“சொல்ல மாட்டேன்டா.”

“நான் திரும்பிப் போகல. இந்த வாரமும் எழுதலைன்னா மேடம் பேர அடிச்சிருவாங்க. அடிக்கட்டும்.”

எழுதுவது என்றால் பேஸ்புக்கில். மேடம் ஷஃபிகாவின் பாடம் முழுக்க ஒரு பேஸ்புக் குழுவில்தான் நடந்தது. வாரத்துக்கு ஒரு தலைப்பு. ஒவ்வொருவரும் ஒரு பதிவு எழுத வேண்டும், மற்ற இரண்டு பேர் பதிவுக்குக் கீழே கருத்துச் சொல்ல வேண்டும். எழுதாத வாரத்துக்கு மார்க் கிடையாது. மூன்று வாரம் விட்டால் பாடமே போச்சு. முதலில் இதைக் கேட்டபோது உமாதேவி நம்பவில்லை. “பேஸ்புக்ல எதுக்குடி படிப்பு? அப்படின்னா நம்ம லைன் தனேஸ் பய இந்நேரம் பெரிய டாக்டராயிருக்கணுமே, நாள் முழுக்க அதுலதான கெடக்கான்” என்று சிரித்தாள்.

ஆனால் ரூபன் பெயரை அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளறை வாசலில் போய் நின்றாள்.

“ஏன் தனு, நீ உனக்கு எழுதறப்ப அவனுக்கும் ஒண்ணு எழுதிப் போட்டா என்ன? அவன் கூடையில ரெண்டு பிடி போடு. பையன் எழுந்து நிக்கிற வரைக்கும்.”

தனுஜா ரூபனைப் பார்த்தாள். அவன் எழுந்து, சுவரில் தொங்கிய நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்தான். அதன் முதுகில் தன் பேஸ்புக் ரகசிய எண்ணை எழுதி அவள் கையில் கொடுத்தான். “ஒண்ணும் பெருசா எழுதிடாத. நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லேன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றான். அப்பா செத்த பிறகு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். உமாதேவிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அக்காவிடம் பட்ட கடனைத் திருப்பிச் செய்ய ஒரு வழி கிடைத்ததே என்று அன்று சாமி விளக்கில் இன்னொரு திரி போட்டாள்.

நாலு வாரம் நன்றாகத்தான் போனது. தனுஜா தன் பதிவை எழுதிவிட்டு, பிறகு ரூபனாக உட்கார்ந்து சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவாள். ஒரு கேலியும் சேர்ப்பாள், அவன் சுபாவம் அது. வாராவாரம் போனில் ரூபனைப் பற்றி, “உன் மகன் இந்த வாரமும் பாஸ்மா” என்பாள். உமாதேவி சிரிப்பாள்.

ஐந்தாவது வாரத் தலைப்பு: உங்கள் குடும்பத்தில் ஒருவரின் வேலை நாள்.

தனுஜா தன் பெயரில் அம்மாவின் கத்தரியைப் பற்றி எழுதினாள். சாதாரணமாக வந்தது. பிறகு ரூபன் பெயரில் எழுத உட்கார்ந்தாள். கந்தசாமி பெரியப்பாவைத் தவிர வேறு யாரைப் பற்றி எழுதுவது? விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து ஆரம்பித்தவளுக்குக் கை நிற்கவில்லை. மழைக்கோட்டு வந்தது. மோட்டார் வந்தது. மருந்து வாசனை போகாத சட்டை வந்தது. சொந்த அப்பாவின் முகம்கூடச் சரியாக நினைவில்லாத பெண், பதினைந்து வருச அழுகையை அன்று ராத்திரி மலாய் மொழியில் அழுது தீர்த்தாள். கடைசியில் அந்த வரியும் வந்துவிட்டது. ‘அப்பா மூன்று தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.’

படித்துவிட்டு மேடம் ஷஃபிகா ரூபனின் பேஸ்புக் பெட்டிக்குச் செய்தி அனுப்பினார். ‘இதைத் துறையின் பொதுப் பக்கத்தில் போடலாமா?’ தனுஜா கொஞ்சம் யோசித்தாள். அவனுக்குப் பெருமைதானே என்று நினைத்தாள். ‘போடுங்கள் மேடம்’ என்று அவள் விரல்தான் அடித்தது. இதை நினைத்து நினைத்துத்தான் இன்றைக்கும் அவளுக்குத் தூக்கமில்லை.

இரண்டு நாளில் பதினோராயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள்.

அது மலையேறி வரவும் நேரமாகவில்லை. கிராணி ஹரிதாஸ் நல்ல மனுசன். நிறுக்கிற இடத்தில் வைத்து, “இராசம்மாக்கா, உங்க பையன் எழுதினத ஊரே படிக்குது” என்று போனை நீட்டினார். இராசம்மாவுக்கு மலாய் படிக்க வராது. அவரே வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். பெண்கள் சுற்றி நின்றார்கள். சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஜன்னலடியில் ரூபன் சொன்னது இதில் வருமா என்று உமாதேவிக்குத் தெரியாது. ஆனால் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நின்றாள்.

வந்தது.

இராசம்மா அழவில்லை. கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்தாள். “மூணு தடவையா?” என்று கேட்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் லைனைப் பார்த்து நடந்தாள்.

அன்று சாயங்காலம் ரூபன் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் பேஸ்புக்கைத் திறந்தான். அந்தப் பதிவுக்குக் கீழே எழுதினான்: ‘இதை எழுதியது நான் இல்லை. என் அப்பாவைப் பற்றி எழுத நான் யாருக்கும் சொல்லவில்லை.’

ஒரு மணி நேரத்தில் தனுஜா அதற்குக் கீழேயே, தன் சொந்தப் பெயரில், ‘எழுதியது நான். மன்னித்துவிடு’ என்று போட்டாள். மேடத்துக்கும் போன் செய்து ஒப்புக்கொண்டாள். மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அவங்க அப்பா இறந்துட்டார்னு ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருந்தா போதுமேம்மா” என்றார் தமிழிலேயே. “ஒரு லெட்டர். ரூபனுக்கு அந்த வாரமெல்லாம் நானே விலக்குக் குடுத்திருப்பேன். ஏன் சொல்லல?”

ஆபீசில் சொல்லலாம், சொன்னால் கேட்பார்கள் என்பது தனுஜாவுக்கும் அவள் அம்மாவுக்கும் தோன்றவே இல்லை.

“இப்ப விஷயம் என் கைய விட்டுப் போயிருச்சு. ரெண்டு பேருக்கும் கடிதம் வரும். அவன் சம்மதிச்சுக் குடுத்துதான் நீ எழுதினேன்னா ரெண்டு பேருக்கும் ஒரு செமஸ்டர் போகும், இந்தப் பாடமும் போகும். அவனுக்குத் தெரியாம எடுத்து எழுதினேன்னு ஆச்சுன்னா அது வேற குத்தம். உன்ன யுனிவர்சிட்டிய விட்டே எடுத்துருவாங்க. நடந்தத நடந்தபடி எழுதும்மா.”

எழுதத்தான் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். மூன்று நாளாக ஒரு வரிகூட எழுதவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. உமாதேவி திரும்பிப் பார்த்தாள். இராசம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது நாளில் முதல் தடவை.

“வாங்கக்கா.”

எப்போதும் நேராக அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்க்கிறவள், இன்று விருந்தாளிபோல் முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. உமாதேவி தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாள். இராசம்மா அதை வாங்கி மேசைமேல், கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ரூபன் சாப்பிடறானாக்கா?”

“வச்சா சாப்பிடறான். கொல்லையில உக்காந்து சுவத்தப் பாக்கறான்.” மேசைமேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள். “அவனுக்கும் காயிதம் வந்திருக்கு. தெரியும்ல?”

“தெரியும்.”

“கிராணி படிச்சுச் சொன்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னா ஒரு செமஸ்டர் நிப்பாட்டுவாங்களாம்.” இராசம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு பேசினாள். “ஒரு செமஸ்டர் வீட்டுல உக்கார வச்சா அவன் திரும்பப் போகமாட்டான் உமா. பெத்தவ எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் நாலு வருசம் வேல. அதுக்கப்புறம் இந்தக் கதவையும் கேப்பாங்க. அவன கூட்டிக்கிட்டு எங்க போவேன்?”

அக்கா எதற்கு வந்திருக்கிறாள் என்று உமாதேவிக்குப் புரிய ஆரம்பித்தது.

“தனுவ எழுதச் சொல்லு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நானாத்தான் எழுதினேன்னு.”

“அவன்தானக்கா நம்பர எழுதிக் குடுத்தான். இந்தாங்க, அந்த நாள்காட்டித் தாளு...”

“குடுத்தான். இல்லேங்கல. ஆனா யாரு பாத்தா? நீ ஒருத்திதான பாத்தே.”

உள்ளறையில் கட்டில் முனகியது. தனுஜா எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“அப்படி எழுதினா அவள எடுத்துருவாங்கக்கா.”

“ஏன், அவ எழுத்துத் தெறமைக்கு வேற எடம் கெடைக்காதா? கெட்டிக்காரி. பதினோராயிரம் பேர அழ வச்சவளாச்சே.” இராசம்மாவின் குரலில் முதல் தடவையாக ஒரு முள் தெரிந்தது. உடனே அது உடைந்தது. “நான் உங்கிட்ட எதையாவது கேட்டிருக்கேனா உமா? இத்தன வருசத்துல ஒண்ணு கேட்டிருக்கேனா? இந்தப் புள்ள கைக்குழந்தையா இருந்தப்ப...”

“சொல்லாதீங்கக்கா.” உமாதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத மட்டும் சொல்லிடாதீங்க. சொல்லக் கூடாது.”

சொன்னால் அது கணக்குத் தீர்க்கிற விஷயமாகிவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இராசம்மா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அது சொல்லாமலே அந்த அறை முழுக்க நின்றது. காய்ச்சலும், காலிக் கூடையும், நடந்துகொண்டே விழுந்த இரண்டு பிடியும்.

இந்த அக்கா கேட்டு உமாதேவி எதற்கும் இல்லையென்று சொன்னதில்லை. சரி என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு வார்த்தைதானே? இந்தத் தோள் தாங்கினால் இன்னும் எட்டு வருசமோ பத்து வருசமோ. பிறகு மகளும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பக்கத்தில் வருவாள். மகள் கையில் கத்தரியை நினைத்துப் பார்த்தாள். பார்க்க முடியவில்லை.

“அக்கா,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “அன்னிக்கு நீங்க போட்டது உங்க கூடைக் கொழுந்து. மத்தவங்களும் அவங்கவங்க கூடையில இருந்துதான் போட்டாங்க. ஒருத்தர் கூடைய மொத்தமா கவுத்து இன்னொருத்தர் கூடைய நெறைக்கல. என்ன வேணா கேளுங்க, தரேன். எம் மக படிப்ப நான் தர முடியாது.”

“அப்ப எம் மகன் படிப்பு?”

“அவங்கிட்ட சொன்னதும் நான்தான், இவகிட்ட சொன்னதும் நான்தான்னு எழுதச் சொல்றேன். நானே கையெழுத்துப் போடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கட்டும், ஒண்ணாத் திரும்பிப் போகட்டும். அந்த ஆறு மாசமும் அவன் இந்த ஜன்னல்ல வந்து உக்காரட்டும்கா. நான் பாத்துக்கறேன்.”

“மாட்டான். இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டான்.” இராசம்மா எழுந்தாள். தேத்தண்ணி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. “அப்ப அவன் எனக்குத் தெரியாதுன்னுதான் எழுதுவான். நான் எழுத வைப்பேன். அப்புறம் எது நெஜம்னு அவங்க பாத்துக்கட்டும்.”

“எழுதட்டும்கா. நாங்க நடந்ததத்தான் எழுதுவோம்.”

இராசம்மா வாசல்வரை போனாள். போனவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள். இவ்வளவு நேரம் மகனுக்காகப் பேசிய குரல் இல்லை அது.

“உமா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த மூணு தடவ கூப்பிட்டது நெஜமா?”

உமாதேவி உள்ளறைத் திரையைப் பார்த்தாள்.

“ரூபங்கிட்ட கேட்டா எழுந்து போயிடறான். அவரு போன தெறக்க முடியல. ராத்திரியெல்லாம் இதே நெனப்பு. மூணு தடவ கூப்பிட நேரம் இருந்துச்சுன்னா அவ்வளவு நேரமும் உயிரோட கெடந்திருக்காரு. தனியா, அந்தத் தொட்டிய முதுகுல வச்சுக்கிட்டு. நான் ரெண்டு மேடு தள்ளித்தான் வெட்டிக்கிட்டு இருந்தேன். எங்கிட்ட போன் இல்ல. சத்தம் போட்டிருப்பாரா? எனக்குக் கேக்கலையா?”

ஜன்னலடியில் ரூபன் சொன்ன அந்த மூன்று நேரமும் உமாதேவியின் காதில் அடித்தது.

உள்ளறைத் திரை விலகியது. தனுஜா வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. நேராக இராசம்மாவைப் பார்த்தாள்.

“நெஜம் இல்ல பெரியம்மா.”

இராசம்மா திரும்பினாள்.

“அது நானா எழுதினது. படிக்கறவங்க அழணும்னு சேர்த்தேன். ரூபன் அப்படி எதுவும் சொல்லல. பெரியப்பா யாரையும் கூப்பிடல. டாக்டர் சொன்னாருல்ல, விழுந்த உடனே போயிட்டாருன்னு. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உமாதேவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு வார்த்தையை இராசம்மா கொண்டுபோய் மகனின் பதிலில் எழுத வைத்தால் போதும். பொய் எழுதிப் பேர் வாங்கியவள் என்பது உறுதியாகிவிடும். அது தனுஜாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அம்மாவும் மறுத்துப் பேசவில்லை.

இராசம்மாவின் தோள் மெல்ல இறங்கியது. ஒன்பது நாளாக உள்ளே இழுத்த மூச்சை அப்போதுதான் வெளியே விட்டாள். நிலைப்படியில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நிமிர்ந்தபோது முகம் வேறாகியிருந்தது. அதில் ஆறுதலும் இருந்தது, அதற்குமேல் வெறுப்பும் இருந்தது.

“அவரு உன்ன மோட்டார்ல தூக்கிட்டுப் போவாரு,” என்றாள். “மழையில எம் புள்ளைய நனைய விட்டுட்டு உன்னத்தான் மூடுவாரு. அந்த மனுசன் சாவுல பொய்யக் கலந்து எழுதியிருக்கே.”

“ஆமா பெரியம்மா.”

“இனிமே எனக்குப் பெரியம்மான்னு சொல்லாத.”

தனுஜா தலையை ஆட்டினாள். உள்ளறையில் போன் ‘டிங்’ என்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இராசம்மா வெளியே இறங்கிச் செருப்பை மாட்டினாள். பனி வாசல்வரை வந்திருந்தது. தன் வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி வந்தாள். பகலில் ஒருநாளும் மூடாத உமாதேவி வீட்டுக் கதவை, வெளியிலிருந்து, தன் கையாலேயே இழுத்துச் சாத்தினாள்.